நாச்செஸ் மாளிகைகள்: சாவி யாரிடம், கதை யாருடையது?

1931ஆம் ஆண்டு வசந்தத்தில் மிசிசிப்பி மாநிலத்துத் தோட்டக்கலைச் சங்கப் பெண்கள் நாச்செஸ் என்ற சிற்றூரில் மாநாடு கூட்டினார்கள். வந்தவர்களுக்கு ஊர்த் தோட்டங்களைச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு. பருவம் தப்பி விழுந்த பனியில் பூவெல்லாம் கருகிப்போனது. சரி, தோட்டம் இல்லாவிட்டால் வீட்டையாவது காட்டுவோம் என்று பழைய மாளிகைகளின் கதவைத் திறந்துவிட்டார்கள். வந்தவர்களுக்குத் தோட்டத்தின் நினைப்பே வரவில்லை. ஊரில் இன்றைக்கும் சொல்லும் கதை இது. அடுத்த ஆண்டு, 1932இல், அதையே கட்டணம் வைத்து ஒரு வசந்த விழாவாக்கினார்கள். 'பில்கிரிமேஜ்', அதாவது யாத்திரை, என்று பெயர் வைத்தார்கள். உலகப் பொருளாதாரமே படுத்துக் கிடந்த காலத்தில் கூரை ஒழுகும் மாளிகைகளுக்கு அது நல்ல வருமானமானது. அமெரிக்கத் தெற்கின் பல ஊர்கள் இதைப் பார்த்துத்தான் தங்கள் பழைய வீடுகளைத் திறக்க ஆரம்பித்தன.

இந்தத் தொடக்கத்தைச் சொல்லக் காரணம் உண்டு. நாச்செஸில் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் வழிகாட்டி என்ன சொல்வார், எதைச் சொல்லாமல் விடுவார் என்பது அந்த வீட்டின் வரலாற்றைப் பொறுத்து அமைவதைவிட, அதன் சாவி இன்று யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைகிறது. தோட்டச் சங்கத்தின் வீடு ஒரு கதை சொல்லும். தேசியப் பூங்காத் துறையின் வீடு இன்னொரு கதை சொல்லும். தங்கும் விடுதியாக மாறிய வீடு கதையைக் குறைத்துக்கொண்டு காலைச் சிற்றுண்டியைப் பற்றி அதிகம் பேசும். ஹூஸ்டன், டாலஸ் பக்கமிருந்து நியூ ஆர்லியன்ஸுக்குக் கார் எடுத்துக்கொண்டு கிளம்பும் நம் ஆட்கள் பலர் ஒரு நாள் கூடுதலாக ஒதுக்கி நாச்செஸைப் பார்க்கிறார்கள். தூண்களை அண்ணாந்து பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுவதில் தப்பில்லை. ஆனால் அந்தத் தூண்களுக்குப் பணம் எங்கிருந்து வந்தது, அவை ஏன் இடியாமல் நிற்கின்றன, உள்ளே பேசுவது யார் என்று தெரிந்துகொண்டு போனால் அதே ஒரு நாளில் இன்னும் நிறையப் பார்க்கலாம்.

வயல் ஒரு கரையில், மாளிகை மறு கரையில்

நாச்செஸ் மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரையில், செங்குத்தான மேட்டின் மேல் இருக்கிறது. எதிர்க்கரை லூசியானா மாநிலம், வெள்ளம் வண்டல் கொண்டுவந்து கொட்டிய தாழ்நிலம். இந்த ஊரைப் புரிந்துகொள்ள இந்த நில அமைப்புதான் முதல் படி. வெள்ளமும் காய்ச்சலும் அண்டாத மேட்டில் வீடு கட்டிக்கொண்டார்கள். பருத்தி விளைந்தது பெரும்பாலும் ஆற்றுக்கு அந்தப் பக்கத்து வண்டலிலும் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலும். ஆக, நாச்செஸில் நாம் பார்க்கும் மாளிகைகளில் பல, தோட்டத்தின் நடுவே நின்ற பண்ணை வீடுகள் அல்ல. ஊரை ஒட்டிய சொகுசு வீடுகள். பணம் சம்பாதித்த இடம் வேறு, செலவழித்த இடம் இது. பருத்திக் காடும் அதில் முதுகு ஒடிந்தவர்களும் வீட்டு வாசலிலிருந்து கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். பின்னாளில் சுற்றுலாக் கதையிலிருந்து அவர்களை விட்டுவிடுவது இவ்வளவு சுலபமாக இருந்ததற்கு இந்த அமைப்பும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு.

எலை விட்னியின் பருத்தி ஜின் 1793இல் வந்தது. கொட்டை பிரிக்கும் வேலை திடீரென்று சுலபமாகிவிட, உள்நாட்டு நிலமெல்லாம் பருத்திக்கு மாறியது. அப்போது நாச்செஸ் ஸ்பெயின்காரர்கள் கையில் இருந்தது. 1798இல் அமெரிக்கக் கொடி ஏறியது. அப்புறம் நீராவிப் படகுகள் வந்தன, பருத்திப் பொதிகள் ஆற்றோடு நியூ ஆர்லியன்ஸுக்கும் அங்கிருந்து லிவர்பூலுக்கும் போயின. உள்நாட்டுப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் பிரிட்டிஷ் ஆலைகள் நூற்ற பஞ்சில் முக்கால் பங்குக்கு மேல் அமெரிக்கப் பஞ்சு. 1860 கணக்கெடுப்பில் மிசிசிப்பி மாநிலத்தின் மக்கள்தொகை 7,91,305. அதில் 4,36,631 பேர் அடிமைகள், அதாவது பாதிக்கும் மேல். இந்த இரண்டு கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் மாளிகைகளின் செலவுக் கணக்கு தானாகப் புரியும்.

அமெரிக்காவின் கோடீசுவரர்களில் பாதிப் பேர் அந்நாளில் இந்தச் சிற்றூரில்தான் இருந்தார்கள் என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. கேட்க நன்றாக இருக்கும், நிரூபிப்பது கடினம். பெரும் பணக்காரர்கள் இங்கே அசாதாரணமாகக் குவிந்திருந்தார்கள் என்ற அளவோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

இந்தப் பருத்திக்கு நம் ஊர்ப்பக்கத்தோடு ஓர் உண்மையான தொடர்பும் இருக்கிறது. அமெரிக்காவை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து என்று மான்செஸ்டர் ஆலைக்காரர்கள் நெருக்க, கிழக்கிந்தியக் கம்பெனி ஓர் அதிகாரியை அமெரிக்கத் தெற்குக்கு அனுப்பி, பருத்தி வளர்ப்பில் கைதேர்ந்த பத்துத் தோட்டக்காரர்களைச் சம்பளத்துக்கு எடுத்து 1840இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. அவர்களில் சிலர் சென்னை மாகாணத்துக்கு வந்தார்கள். திருநெல்வேலியிலும் கோயம்புத்தூரிலும் அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்த்தார்கள். கோவைப் பண்ணைகளை மேற்பார்த்தவர், தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்து பெயர் பெற்ற ராபர்ட் வைட். மண்ணும் மழையும் வேறு, நம் சம்சாரிகளின் கணக்கும் வேறு. முயற்சி பெரிதாகப் பலிக்கவில்லை. ஆனால் 1861இல் அமெரிக்காவில் போர் மூண்டு பஞ்சு வரத்து நின்றபோது திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்கு அதுவரை காணாத விலை கிடைத்தது. நாச்செஸ் மாளிகைகளில் வேலை பாதியில் நின்ற அதே சமயத்தில் இங்கே பருத்திக் கமிஷன் கடைகளில் காசு புரண்டது.

நின்றுபோன மாளிகை

வேலை பாதியில் நின்ற மாளிகை என்று சொன்னது லாங்வுட்டை. நாச்செஸில் ஒரே ஒரு வீடுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்பவர்கள் பெரும்பாலும் இதைத்தான் பார்க்கிறார்கள், அதுவும் சரிதான். எண்கோண வடிவ வீடு. அமெரிக்காவின் எண்கோண வீடுகளில் இதுவே மிகப் பெரியது. கட்டியவர் ஹாலர் நட். இவருடைய அப்பா ரஷ் நட் மருத்துவர். பருத்தி வித்தைத் தேர்ந்தெடுத்து மேம்படுத்தி, 'பெட்டி கல்ஃப்' என்ற புகழ்பெற்ற ரகத்தைப் பரப்பியவர்களில் ஒருவர். மகன் பல தோட்டங்களுக்குச் சொந்தக்காரர். பிலடெல்பியாவின் சாமுவேல் ஸ்லோன் என்ற கட்டடக்கலைஞரிடம் வரைபடம் வாங்கி 1860இல் வேலையைத் தொடங்கினார். செங்கல்லை அடிமைகளே அங்கேயே அறுத்துச் சுட்டார்கள். நுணுக்கமான தச்சுவேலைக்கு வடக்கிலிருந்து ஆட்கள் வந்தார்கள்.

1861இல் போர் வெடித்தது. வடக்கத்தி ஆட்கள் கருவிகளைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஊர் திரும்பினார்கள். திட்டமிட்ட 32 அறைகளில் தரைமட்டத்துக்குக் கீழுள்ள 9 அறைகளை மட்டும், இருந்த ஆட்களையும் அடிமைகளையும் வைத்துப் பூசி முடித்துக் குடும்பம் குடியேறியது. 1864இல் ஹாலர் நட் நிமோனியாவில் இறந்தார். மனைவி ஜூலியா பிள்ளைகளோடு அந்தக் கீழ்த்தளத்திலேயே வாழ்ந்தார். மேல்தளங்கள் கடைசிவரை பூசப்படவில்லை.

இன்றைக்குப் போனால் கீழ்த்தளத்தில் நாற்காலி, கட்டில், படங்கள் என்று குடித்தன வீடாக இருக்கும். படியேறி முதல் தளத்துக்கு வந்தால் காட்சியே மாறிவிடும். சுவரில் பூச்சு கிடையாது, வெறும் செங்கல். தலைக்கு மேலே உத்தரமும் சட்டமுமாக மரக்கூடு, அதன் நடுவே மேலே குவிமாடம் வரை ஓங்கிப்போகும் வெற்றிடம். சாமான் வந்திறங்கிய மரப்பெட்டிகளும் தச்சர்கள் விட்டுப்போன பொருட்களும் அங்கேயே இருக்கின்றன. முடிந்த மாளிகை எதிலும் இவ்வளவு தெளிவாகக் கட்டுமானத்தைப் பார்க்க முடியாது. பூச்சும் வண்ணமும் மறைத்துவிடும் உழைப்பு இங்கே மறைக்கப்படாமல் கிடக்கிறது.

லாங்வுட் 1970 முதல் பில்கிரிமேஜ் கார்டன் கிளப் என்ற தோட்டச் சங்கத்தின் சொத்து. அங்கே சொல்லப்படும் கதையின் மையம் நட் குடும்பத்தின் சோகம். ஹாலர் நட் தென்மாநிலங்கள் பிரிந்துபோவதை ஆதரிக்காதவர்; அப்படியிருந்தும் வடக்கின் ஒன்றியப் படைகளால் அவருடைய பருத்தியும் சொத்தும் அழிந்தன. உண்மைதான், மனதைத் தொடும் கதைதான். ஆனால் அந்த ஒன்றிய ஆதரவாளர் நூற்றுக்கணக்கான மனிதர்களைச் சொத்தாக வைத்திருந்தவர் என்பதும் அதே அளவுக்கு உண்மை. முதல் பாதியை வழிகாட்டி சொல்வார்; இரண்டாம் பாதியைச் சில சமயம் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும்.

ஏன் இடியவில்லை?

தெற்கின் பல ஊர்கள் போரில் எரிந்தன. நாச்செஸ் பெரும்பாலும் தப்பியது. 1862இல் ஒன்றியத்தின் போர்ப்படகுகள் ஆற்றில் வந்து நின்றதும் ஊர் சரணடைந்தது. 1863 ஜூலையில் தெற்கின் கையிலிருந்த விக்ஸ்பர்க் நகரம் விழுந்த கையோடு ஒன்றியப் படை ஊருக்குள் நிலையாக வந்து உட்கார்ந்தது. ஆற்றங்கரை மேட்டில் உள்ள ரோசலி மாளிகை தலைமையகமானது. ஒன்றியப் படைத் தளபதி ஜெனரல் கிராண்ட் அங்கே தங்கியிருக்கிறார். தளபதி தூங்கும் வீட்டை யார் எரிப்பார்கள்?

போருக்குப் பிறகு வீடுகளைக் காப்பாற்றியது வறுமை. ரயில் வந்து ஆற்று வணிகம் இறங்கியது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பருத்திக் காய்வண்டு வந்து மிச்சம் மீதியையும் தின்றது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் பணம் இல்லாததால் பழையது அப்படியே நின்றது. காரைக்குடிப் பக்கத்து வீடுகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

அந்த வறுமை எவ்வளவு தூரம் போனது என்பதற்கு 1932இல் நடந்த ஒரு கொலையே சாட்சி. முதல் பில்கிரிமேஜ் நடந்த அதே ஆண்டின் ஆகஸ்டில், ஜென்னி மெரில் என்ற வசதியான வயதான பெண்மணி தன் வீட்டில் கொல்லப்பட்டார். சந்தேகம் பக்கத்து வீட்டுக்காரர்களான டிக் டேனா, ஆக்டேவியா டாக்கரி மீது விழுந்தது. இருவரும் பழைய பெருங்குடும்பங்களின் வாரிசுகள். அவர்களுடைய கிளென்வுட் மாளிகைக்குள் ஆடும் கோழியும் சுற்றிக்கொண்டிருந்தன. பத்திரிகைகள் அதற்கு 'ஆட்டுக் கோட்டை' என்று பெயர் சூட்டின. கைரேகை கிடைத்தும் அவர்கள் இருவரும் தண்டனையின்றித் தப்பினார்கள். சிறைக்குப் போனது எமிலி பர்ன்ஸ் என்ற கறுப்பினப் பெண். ஆயுள் தண்டனை பெற்றுப் பார்ச்மன் சிறையில் பல ஆண்டுகள் கழித்து 1940இல் வெளியே வந்தார். இதற்கிடையில் டேனாவும் டாக்கரியும் தங்கள் பாழடைந்த வீட்டைப் பார்க்க வந்த கூட்டத்திடம் காசு வசூலித்தார்கள். ஊரின் ஒரு பக்கத்தில் வளையம் வைத்த அகன்ற பாவாடை அணிந்த பெண்கள் பளபளப்பான மாளிகைகளைக் காட்டிக் கட்டணம் வாங்க, இன்னொரு பக்கத்தில் இடிந்த மாளிகைக்கும் நுழைவுக் கட்டணம். இரண்டுமே வீடு பார்க்கும் சுற்றுலாதான். ஒன்று மட்டும் ஊரின் பெருமைப் பட்டியலில் இடம் பிடித்தது.

தோட்டச் சங்கங்களின் காலம்

பில்கிரிமேஜைத் தொடங்கிய பெண்களில் முன்னே நின்றவர் கேத்தரின் கிராஃப்டன் மில்லர். ஊர் ஊராகப் போய்ப் படம் காட்டிப் பேசி ஆள் சேர்த்தவர். அந்தப் பெண்களைச் சும்மா பழம்பெருமை பேசியவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. அரசாங்கமோ ஆண்கள் நடத்திய நகரசபையோ பழைய வீடுகளைப் பற்றிக் கவலைப்படாத காலத்தில், சட்டப் பாதுகாப்பு எதுவும் இல்லாத காலத்தில், டிக்கெட் காசில் கூரை மாற்றி மாளிகைகளைக் காப்பாற்றியவர்கள் அவர்கள்தான். அந்தக் காசை எப்படிப் பிரிப்பது என்ற சண்டையில் 1930களின் நடுவில் சங்கம் இரண்டாக உடைந்தது. வழக்கு கோர்ட்டு வரை போனது. பாவாடைப் போர் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. பின்னால் சமாதானமானார்கள். நாச்செஸ் கார்டன் கிளப், பில்கிரிமேஜ் கார்டன் கிளப் என்று இரண்டும் இன்றும் இருக்கின்றன.

ஆனால் கட்டடத்தைக் காப்பாற்றியவர்கள் கூடவே ஒரு கதையையும் கட்டிவிட்டார்கள். மக்னோலியா மரம், நடனம், கண்ணியமான துரைமார், விசுவாசமான வேலைக்காரர்கள். 'அடிமை' என்று வர வேண்டிய இடத்தில் 'வேலைக்காரர்' என்று வரும். விழாவின் மாலைநேர நாட்டியக் காட்சியில் போரில் தோற்ற தென்மாநிலக் கூட்டமைப்பின் கொடி ஏறுவது வழக்கமாக இருந்தது. பல பத்தாண்டுகளுக்கு ஊரின் கறுப்பினத்தவர்கள் இந்த விழாவில் அலங்காரப் பாத்திரங்களாக மட்டுமே இடம்பெற்றார்கள். சமீப காலத்தில்தான் இது கொஞ்சம் கொஞ்சமாக மாறிவருகிறது. மாற்றம் எல்லா வீட்டிலும் ஒரே வேகத்தில் நடக்கவில்லை.

ரோசலி மாளிகையை 1938இல் வாங்கியது வேறொரு பெண்கள் அமைப்பு: அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள் என்ற சங்கத்தின் மிசிசிப்பிக் கிளை. 1823இல் கட்டிய அந்த வீட்டில் 1850களில் வாங்கிய, பெல்ட்டர் என்ற நியூயார்க் மரவேலைக்காரரின் மரச்சாமான்கள் ஒரு செட்டாக அப்படியே இருக்கின்றன. மரச்சாமான் பிரியர்கள் இதற்காகவே வருவார்கள். ஸ்டான்டன் ஹால் 1857இல் முடிந்தது. அயர்லாந்திலிருந்து வந்து பருத்தித் தரகில் பெருத்த பிரெடரிக் ஸ்டான்டன் குடியேறிச் சில காலத்திலேயே இறந்துபோனார். அதுவும் பில்கிரிமேஜ் கார்டன் கிளப்பின் கையில். 1812இல் கட்டிய ஆபர்ன் மாளிகை நகராட்சியின் சொத்து. தாங்கு தூண் இல்லாமல் சுழன்று ஏறும் அதன் மாடிப்படிக்காகவே போகலாம். அதைக் கட்டிய லீவை வீக்ஸ், நியூயார்க்கில் ஒரு கொலை வழக்கில் சிக்கி 1800இல் விடுதலையானவர். அவருக்காக வாதாடியவர்கள் அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனும், பின்னாளில் துணைக் குடியரசுத் தலைவரான ஆரன் பர்ரும்! நாலே ஆண்டுகளில் பர் ஹாமில்டனைச் சுட்டுக் கொன்றது ஊரறிந்த கதை. ஆபர்னின் பிந்தைய சொந்தக்காரர் ஸ்டீபன் டங்கன், தெற்கிலேயே மிக அதிகமான அடிமைகளை வைத்திருந்தவர்களில் ஒருவர். ஆயிரத்துக்கும் மேல். அவருடைய வாரிசுகள் 1911இல் வீட்டை ஊருக்குக் கொடுத்தார்கள். மாடிப்படியைப் பற்றிக் கேட்கும் அளவுக்கு இந்த ஆயிரத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

பங்காவும் மணிகளும்

1988இல் தேசியப் பூங்காத் துறை ஊருக்குள் வந்தது. நாச்செஸ் தேசிய வரலாற்றுப் பூங்கா உருவாகி, மெல்ரோஸ் என்ற பெரிய மாளிகை அதன் கைக்கு வந்தது. பென்சில்வேனியாவிலிருந்து வந்த ஜான் மெக்மரன் என்ற வழக்கறிஞர் 1840களில் கட்டிய வீடு. முன்பக்கத்துத் தூண்கள், வரவேற்பறை, திரைச்சீலை எல்லாம் மற்ற மாளிகைகளைப் போலத்தான். வித்தியாசம் வழிகாட்டி எங்கே நிற்கிறார் என்பதில் இருக்கிறது.

சாப்பாட்டு அறையில் மேசைக்கு நேர் மேலே மஹோகனி மரத்தில் செதுக்கிய பெரிய பலகை ஒன்று தொங்குகிறது. பங்கா. நம் ஊரில் வெள்ளைக்காரத் துரைமார் பங்களாவிலும் கோர்ட்டிலும் தொங்கிய அதே பங்காதான், இங்கே இன்னும் ஆடம்பரமாக. கயிற்றை இழுக்கும் வேலை ஓர் அடிமைச் சிறுவனுடையது. சாப்பாடு முடியும்வரை நின்றபடி, சீரான வேகத்தில், ஈயும் அண்டாமல் மெழுகுவத்தியும் அணையாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். மேசையில் பேசுவதெல்லாம் அவன் காதில் விழும். இப்படிப்பட்ட வேலையில் இருந்த ஒரு சிறுவனின் பெயரும் வாழ்க்கையும் நமக்குத் தெரியும். ஜான் ராய் லின்ச், 26 தூண்கள் சூழ நிற்கும் டன்லீத் மாளிகையில் அடிமையாக இருந்தவர். வீட்டு எஜமானியம்மாளிடம் பட்டென்று பதில் சொல்லிவிட்டதற்காக ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் வயல்வேலைக்கு அனுப்பப்பட்டார். மேட்டு வீட்டிலிருந்து வண்டல் காட்டுக்கு. 1863இல் ஒன்றியப் படை வந்ததும் விடுதலை. புகைப்பட நிலையத்தில் வேலை பார்த்தபடியே படித்து, மிசிசிப்பிச் சட்டமன்ற அவைத்தலைவராகி, 1873இல் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரானார். அப்போது வயது 26. டன்லீத் இப்போது தங்கும் விடுதி.

மெல்ரோஸின் பின்தாழ்வாரத்தில் வரிசையாக மணிகள் உண்டு. ஒவ்வோர் அறைக்கும் ஒரு மணி, ஒவ்வொன்றுக்கும் தனி ஓசை. எந்த அறையில் கூப்பிடுகிறார்கள் என்பதைக் காதாலேயே அறிந்து ஓட வேண்டும். அங்கிருந்து பார்த்தால் முற்றத்தின் இரு பக்கமும் அழகான செங்கல் கட்டடங்கள். ஒன்றில் சமையலறை, இன்னொன்றில் பால் அறை, மாடியில் அடிமைகளின் குடியிருப்பு. இன்னும் தள்ளி மரக் குடிசைகள். அவற்றுக்குள்ளும் போய்ப் பார்க்கலாம். ஒரு மாளிகை எப்படி இயங்கியது என்பதை இந்த ஊரில் இவ்வளவு முழுமையாகக் காட்டும் இடம் வேறு இல்லை.

இதே பூங்காவின் இன்னொரு வீடு ஊர் நடுவே ஸ்டேட் தெருவில், எளிமையான செங்கல் வீடு. என்னைக் கேட்டால் நாச்செஸில் கட்டாயம் பார்க்க வேண்டியது இதுதான். வில்லியம் ஜான்சன் 1809இல் அடிமையாகப் பிறந்து 1820இல் விடுதலை பெற்றவர். சவரக்கடை வைத்து முன்னேறி, வெள்ளைக்காரர்களுக்கே கடன் கொடுக்கும் அளவுக்கு வளர்ந்தவர். 1835 முதல் 1851 வரை நாட்குறிப்பு எழுதினார்: குதிரைப் பந்தயம், தெருச்சண்டை, வரவு செலவு, ஊர் வம்பு எல்லாம் அதில் இருக்கும். குடும்பத்தார் பத்திரமாக வைத்திருந்த அது 1951இல் அச்சாகியது. போருக்கு முந்தைய தெற்கில் ஒரு கறுப்பினத்தவர் தன் அன்றாடத்தை இவ்வளவு விரிவாக எழுதிய ஆவணம் மிக அரிது.

மாளிகைக் கதைக்கு எதிராக இவரை ஒரு வீரராக நிறுத்தவும் முடியாது. ஜான்சனே அடிமைகள் வைத்திருந்தார். இறக்கும்போது 16 பேர். நில எல்லைத் தகராறில் 1851இல் பெய்லர் வின் என்பவர் அவரைச் சுட்டுக் கொன்றார். நேரில் பார்த்தவர்கள் கறுப்பினத்தவர்கள். வெள்ளைக்காரருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்லச் சட்டம் இடம் தரவில்லை. வின் தன்னைக் கறுப்பர் அல்ல என்று வாதிட்டுத் தப்பினார். செத்தவர் யார் என்பதைவிடக் கொன்றவர் என்ன நிறம் என்பதே கடைசிவரை வழக்காக ஓடியது.

கட்டடம் இல்லாத இடம்

ஊரின் கிழக்கு எல்லையில் சாலைகள் பிரியும் ஒரு மூலை இருக்கிறது. ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோடு என்று பெயர். கொஞ்சம் புல்தரை, சில தகவல் பலகைகள், காங்கிரீட்டில் பதித்த விலங்குச் சங்கிலிகள். அவ்வளவுதான். தென்கோடி மாநிலங்களில் நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்த பெரிய அடிமைச் சந்தை இங்கே இருந்தது.

அமெரிக்காவுக்குள் அடிமைகளைக் கொண்டுவருவது 1808இல் சட்டப்படி நின்றது. ஆனால் வர்ஜீனியா, மேரிலாண்ட் பக்கம் புகையிலை நிலம் களைத்துப்போய் ஆள் மிஞ்சிக் கிடக்க, இங்கே பருத்திக்கு ஆள் போதவில்லை. அடுத்த அரை நூற்றாண்டில் பத்து லட்சம் பேர் அளவுக்கு தெற்கின் வடபகுதி மாநிலங்களிலிருந்து கீழே கொண்டுவரப்பட்டார்கள், நடக்கவைத்தும் கப்பலிலும். இந்த வணிகத்தில் கொடிகட்டிப் பறந்த நிறுவனம் வர்ஜீனியாவின் அலெக்சாண்டிரியாவிலிருந்து இயங்கிய ஃபிராங்க்ளின் அண்ட் ஆர்ம்ஃபீல்டு. ஐசக் ஃபிராங்க்ளின் நாச்செஸில் உட்கார்ந்து விற்றார். 1833இல் காலரா வந்தபோது செத்த அடிமைகளை அவர் ஆட்கள் ஓடைப் பள்ளத்தில் ரகசியமாகப் புதைத்தது அம்பலமாகி, ஊரார் கொதித்தார்கள். அந்தக் கொதிப்பு மனிதர்களை விற்றதற்காக அல்ல, நோய் பரவும் என்ற பயத்தில். வணிகர்களின் விற்பனையை ஊர் எல்லைக்கு வெளியே போகச் சொன்னார்கள். அப்படித்தான் சந்தை எல்லைக்கோட்டை ஒட்டிய இந்த மூலையில் நிலைத்தது. இங்கே ஏலம் கிடையாது. புதுத்துணி உடுத்தி வரிசையாக நிறுத்திவைப்பார்கள். வாங்க வந்தவர் பார்த்து, பேசி, விலை முடிப்பார். 1863இல் ஒன்றியப் படையில் சேர்ந்த கறுப்பினச் சிப்பாய்கள் சந்தைக் கொட்டடிகளைப் பிரித்துப்போட்டார்கள்.

இந்த மூலையைக் காக்க உள்ளூர்ச் செயற்பாட்டாளர்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். 2021இல்தான் நிலம் தேசியப் பூங்காவோடு சேர்ந்தது. மாளிகைகளுக்கு 1932இலேயே டிக்கெட் கிடைத்துவிட்டது, இதற்கு 89 ஆண்டுகள் கூடுதலாக ஆனது. கட்டடம் நிற்கும் இடத்தைக் காப்பது சுலபம், ஏனென்றால் காட்ட ஏதோ இருக்கிறது. இங்கே காட்ட எதுவும் இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாச்செஸ் மேட்டுக்குக் கீழே 'பிசாசின் கிண்ணம்' என்ற பள்ளத்தில் விடுதலை பெற்ற 20,000 கறுப்பினத்தவரை ஒன்றியப் படை அடைத்துச் சாகவிட்டது என்று ஒரு செய்தி வலைத்தளங்களில் சுற்றுகிறது. ஆற்றங்கரை அகதி முகாமில் நோயால் ஏராளமானோர் இறந்தது உண்மை, நிலைமை கொடுமையாக இருந்ததும் உண்மை. ஆனால் 20,000 என்ற எண்ணுக்கு ஆவண ஆதாரம் இல்லை. மறைக்கப்பட்ட வரலாறு என்பதற்காக எதை வேண்டுமானாலும் நம்பிவிடக் கூடாது. மாளிகைக் கதைக்கு ஆதாரம் கேட்கும் நாம் இதற்கும் கேட்க வேண்டும்.

சட்டமும் காசும்

அமெரிக்காவில் தேசியப் பாரம்பரியப் பட்டியலில் ஒரு வீடு சேர்ந்துவிட்டால் யாரும் கை வைக்க முடியாது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படி இல்லை. 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி உருவான அந்தப் பட்டியல் ஒரு கௌரவம். மத்திய அரசின் பணமோ அனுமதியோ கலக்கும் திட்டங்களில் கொஞ்சம் கவசம். சொந்தக்காரர் தன் காசில் தன் வீட்டை இடித்தால் அந்தப் பட்டியல் தடுக்காது. தடுக்க வேண்டியது உள்ளூர் விதிகள்தான்.

காசு விஷயத்திலும் ஒரு நுணுக்கம் உண்டு. பாரம்பரியக் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் மத்திய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் அது வருமானம் தரும் கட்டடத்துக்குத்தான், நாமே குடியிருக்கும் வீட்டுக்கு இல்லை. நாச்செஸ் மாளிகைகளில் இத்தனை விடுதிகளாக மாறியதற்கு விருந்தோம்பல் பண்பு மட்டும் காரணம் அல்ல என்பது இதிலிருந்து விளங்கும். ஊரின் நிலைமையும் அப்படி. 1960இல் 24,000 பேர் அளவுக்கு இருந்த மக்கள்தொகை 2020இல் 14,520. டயர் ஆலையும் காகித ஆலையும் மூடிப் பல ஆண்டுகளாகிவிட்டன. சுற்றுலாவை விட்டால் பெரிதாக ஒன்றும் இல்லாத ஊருக்கு, வருகிறவர்களின் மனம் நோகாத கதையைச் சொல்ல ஆசை வருவது இயற்கை. ஆனால் ஊரில் பாதிக்கு மேல் கறுப்பினத்தவர்கள். அவர்களுடைய பாட்டன் பூட்டன் கதை இல்லாத சுற்றுலா அவர்களுக்கு எதற்கு?

இதற்கு ஒரு பதில் கான்கார்டில் இருக்கிறது. ஸ்பானிய ஆளுநர் கயோசோவின் அந்த மாளிகை 1901இல் எரிந்துபோனது. அடிமைகள் வாழ்ந்த இரண்டுமாடிச் செங்கல் கட்டடம் மட்டும் தப்பியது. அதை வாங்கிப் புதுப்பித்து விருந்தினர் விடுதியாக நடத்துபவர் ஒரு கறுப்பினப் பெண்மணி. அங்கே கதை சொல்ல மாளிகை இல்லை, பின்கட்டு மட்டும்தான்.

போகிறவர்களுக்கு

முதலில் ஊருக்குப் பெயர் கொடுத்தவர்களின் இடத்துக்குப் போங்கள். நாச்செஸ் பழங்குடியினரின் பெருங்கிராமம் ஊருக்குள்ளேயே, மண்மேடுகளோடு இருக்கிறது, கட்டணம் இல்லை. 1716இல் ரோசலிக் கோட்டை கட்டிய பிரெஞ்சுக்காரர்கள் பின்னால் புகையிலைத் தோட்டத்துக்காகக் கிராமத்தைக் காலி செய்யச் சொன்னார்கள். 1729 நவம்பரில் நாச்செஸ் மக்கள் திருப்பி அடித்தார்கள்; இருநூறுக்கும் மேற்பட்ட பிரெஞ்சுக்காரர்கள் செத்தார்கள். இரண்டே ஆண்டுகளில் பிரெஞ்சுக்காரர்கள் அவர்களைத் தோற்கடித்து, பிடிபட்டவர்களைக் கரீபியனில் அடிமைகளாக விற்றார்கள். தப்பியவர்களின் வழிவந்தவர்கள் கிரீக், செரோக்கி மக்களோடு கலந்து ஒக்லஹோமாவில் இருக்கிறார்கள்.

அப்புறம் ஃபோர்க்ஸ் ஆஃப் த ரோடு, அரை மணி நேரம் போதும். பிறகு மெல்ரோஸ், வில்லியம் ஜான்சன் வீடு, கடைசியாக லாங்வுட். இந்த வரிசையில் பார்த்தால் லாங்வுட்டின் பூசாத செங்கல்லைப் பார்க்கும்போது அதை அறுத்தவர்கள் எந்தச் சந்தை வழியாக வந்திருப்பார்கள் என்ற கேள்வி தானாக எழும். வரிசையை மாற்றினால் அது எழாது. வழிகாட்டியிடம் இரண்டு கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள்: சமையலறை எங்கே, அங்கே வேலை பார்த்தவர்கள் எங்கே தூங்கினார்கள்? பதில் வரும் விதத்திலேயே அந்த வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஓரளவு தெரிந்துவிடும்.

பில்கிரிமேஜ் வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் நடக்கிறது; தனியார் குடியிருக்கும் சில வீடுகள் அப்போது மட்டும்தான் திறக்கும். ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் புழுக்கமும் வாட்டிவிடும். பல வீடுகளுக்குள் படம் எடுக்க விடமாட்டார்கள், நேரமும் பருவத்துக்குப் பருவம் மாறும். கிளம்புமுன் பார்த்துக்கொள்வது நல்லது. ஜாக்சன் நகரத்திலிருந்து வருகிறவர்கள் நெடுஞ்சாலையை விட்டுவிட்டு நாச்செஸ் டிரேஸ் பூங்காச் சாலையில் வரலாம். ஊருக்குச் சற்று முன்னால் பழங்குடியினர் எழுப்பிய எமரால்டு மண்மேடு வரும், ஏறிப் பார்க்கலாம்.